ஜேஜு தீவுக்குப் போன மலைக்காரம்மா

சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தால் அந்த மலைக்காரம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?"

கிண்டல் கிடையாது. நிஜமான கவலையோடு கேட்பார். கை கால் நன்றாக இருக்கிற ஒருவர் பகல் நேரத்தில் எதையும் உரிக்காமல், புடைக்காமல், முடிச்சுப் போடாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ இருந்தாக வேண்டும் என்று நினைப்பவர். எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் நாளே என்னை அப்படிக் கேட்டார்.

"வேலைதான்க்கா செஞ்சிக்கிட்டிருக்கேன்" என்றேன், கம்ப்யூட்டரைக் காட்டி.

அவர் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. மூலையில் வாய் தைக்காமல் கிடந்த சாமை மூட்டைகளைக் கண்டதும் கோணி ஊசியை எடுத்துக்கொண்டு குந்திவிட்டார். நான் ஒரு மெயிலை முடிப்பதற்குள் மூன்று மூட்டைகள் தைத்தாகிவிட்டன. அதோடு நின்றிருந்தால் எனக்கு அவர்மேல் மரியாதை மட்டுமே வந்திருக்கும். தைத்து முடித்ததும் அலமாரியைத் துடைத்தார். வேண்டாத காகிதம் என்று அவருக்குத் தோன்றியதை எல்லாம் சுருட்டி, பின்கட்டில் டீ போடுகிற அடுப்பில் வைத்தார். இரண்டு நாள் மலையில் சுற்றி நான் எழுதிவைத்த குறிப்புகள் அந்தக் காகிதங்களில் இருந்தன.

நான் கோபப்பட்டேன். ஆனால் அலுவலகத்தில் இருந்த மற்றவர்கள் எல்லாம் அவர் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே சிரித்தார்கள். அவர் கிளம்பியபோது கூடவே போய் ஜீப் ஏற்றிவிட்டார்கள். அங்கே ஆறு வருஷமாக வேலை செய்கிற என்னை ஒருநாளும் யாரும் பஸ் ஏற்றிவிட வந்ததில்லை.

எங்கள் அலுவலகம் ஒடுகத்தூரில், ஜவ்வாது மலைக்குப் போகிற ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் பின்தெருவில் இருந்தது. மலைமேல் விளைகிற சாமை, புளி, தேன் இவற்றை விவசாயிகளிடமிருந்து நேராக வாங்கி, சுத்தம் செய்து, பாக்கெட் போட்டு நகரங்களுக்கு அனுப்புகிற சின்ன அமைப்பு. ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பதால் மெயில், விண்ணப்பம், அறிக்கை எல்லாம் என் பொறுப்பு. தினமும் கணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். அவர் மலைமேல், ஜீப் நிற்கிற இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால் வருகிற சிற்றூரில் சாமை பயிரிடுகிறவர். ஐம்பது வயது இருக்கும். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை மேடம் என்றார். அந்த மேடம் எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு ஒரு தீவு இருந்தது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில் போகவர போனில் கொரியன் சீரியல் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. முதலில் தமிழில் பேசுவதைப் பார்த்தேன். பிறகு அந்தக் குரல்கள் ஒட்டவில்லை என்று தோன்றி, கொரிய மொழியிலேயே பார்த்து, கீழே ஓடுகிற ஆங்கிலத்தைப் படித்தேன். இரண்டு வருஷத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய வார்த்தைகள் சேர்ந்துவிட்டன. காதலர்கள் சண்டை போட்டுக்கொண்டு போகிற இடமும், சமாதானமாகிற இடமும், முக்கால்வாசி ஜேஜு என்ற தீவாகவே இருக்கும். எரிமலை கக்கிய கறுப்புக் கல், அதில் கட்டிய வேலிகள், மஞ்சள் பூ வயல், நடுவில் மேகம் தொட்ட மலை, சுற்றிக் கடல். என் போனின் முகப்பில் அந்த மலைதான் இருந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இது இன்னா, நம்ம அமிர்திக் காடா?" என்று கேட்டார்.

ஒருநாள் காலை அலுவலக மெயிலைத் திறந்தால் ஜேஜுவிலிருந்து கடிதம். அந்தத் தீவின் எரிமலை மண்ணில் தண்ணீர் நிற்காது, நெல் வராது, அதனால் பழைய காலத்தில் தினைதான் சோறு. அந்தத் தினையை இன்னும் பயிரிடுகிற விவசாயிகளின் சங்கம் ஒன்று, வேறு நாடுகளில் சிறுதானியம் விளைவிக்கிறவர்களை அழைத்து, பத்து நாள் கிராமத்து வீட்டில் தங்கவைத்து, தீவின் காட்டையும் மலையையும் பழக்கவழக்கங்களையும் காட்டுகிறதாம். ஒரு விவசாயி வரலாம். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் துணைக்கு வரலாம்.

விண்ணப்பத்தை நான் எழுதினேன். இவ்வளவு ஆசையோடு நான் வேறு எதையும் எழுதியதில்லை. விவசாயி யார் என்பதை மலை ஊர்க்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் பெயரும் வந்தது. ஆனால் எல்லாரும் அக்காவையே சொன்னார்கள். "அந்தம்மாவ எங்க வுட்டாலும் பொழைச்சிக்கும்" என்றார் ஒருவர். துணைக்குப் போகிறவள் நான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கிருந்து வந்த அழைப்புக் கடிதத்தில் 'எங்கள் விருந்தினர்' என்று அவர் பெயரும், அடுத்த வரியில் 'உடன் வருபவர்' என்று என் பெயரும் இருந்ததைப் பார்த்தபோது மட்டும் ஏதோ உறுத்தியது.

பாஸ்போர்ட்டுக்காக வேலூர் போய்த் திரும்புகிற வழியில் அவரைக் கணியம்பாடியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் மாமியார் யாரோடும் ஒட்டாதவர். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் சமையலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, கெட்ட வார்த்தையும் சொன்னதில்லை. கூடத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் இருவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமியாரின் சிரிப்புச் சத்தம் எனக்குப் புதிதாக இருந்தது. முன்பல் ஒன்று இல்லை என்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மாமியார் வாரம் ஒருமுறை கேட்பார். "அந்த மலைக்காரம்மா மறுபடியும் எப்போ வருவாங்க?"

அதை எப்படிச் சொல்வது. நகைமேல், வீட்டுமேல், அடுத்தவர் பிள்ளையின் மார்க்குமேல் பொறாமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த அம்மாவின் இரண்டு கைகள்மேல் பொறாமை வந்தது.

மே மாதம் கிளம்பினோம். விதை எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று நான் சொன்னதும் அவர் தவித்துப்போனார். "வெறுங்கையோட ஒரு வூட்டுக்கு எப்டி மேடம் போறது?" என்று சென்னை விமான நிலையம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். விமானத்தில் சாப்பிட்ட தட்டுகளை எடுக்க வந்த பணிப்பெண்ணுக்கு உதவியாக எழுந்து, எங்கள் வரிசையில் இருந்தவர்களின் தட்டுகளை எல்லாம் அடுக்கிக் கொடுத்தார். உட்காரச் சொல்லி நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். பணிப்பெண் சிரித்தபடி அவருக்கு மட்டும் இரண்டாவது கப் ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜேஜுவில் எங்களை வரவேற்க வந்தவர் சங்கத்தில் வேலை செய்கிற ஓர் இளம்பெண், நல்ல ஆங்கிலம். நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டிய விதவை. பெரிய மலையின் அடிவாரத்தில், கறுப்புக் கல் சுவர்களுக்கு நடுவே வீடு. நான் இரண்டு வருஷமாகச் சேர்த்த வார்த்தைகளில் மிக அழகானவற்றைப் பொறுக்கி, குனிந்து வணங்கி, கொரிய மொழியில் வணக்கம் சொன்னேன். உங்களைச் சந்தித்தது என் பாக்கியம் என்றும் சொன்னேன். வீட்டம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்து ஏதோ பதில் சொன்னார். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. தீவின் பேச்சு வேறாம். நான் கற்றது தலைநகரத்துச் சீரியல் பேச்சு.

"நீங்கள் பேசுவது நாடகத்தில் வருவது போலவே இருக்கிறது" என்றார் இளம்பெண், பாராட்டாகத்தான். என் காது சூடானது.

அக்கா வணக்கமே சொல்லவில்லை. முற்றத்தில் பூண்டுச் செடிகள் மலையாகக் குவிந்து கிடந்தன. தாளை நறுக்கிப் பூண்டைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள் போல. கத்தரிக்கோலும் பக்கத்தில் இருந்தது. அவர் பையை என் கையில் கொடுத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து நறுக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டம்மா ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளே போய் ஒரு வட்டமான ஸ்பாஞ்சுத் திண்டை எடுத்துவந்தார். வயலில் வேலை செய்கிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு போகிற இடமெல்லாம் அதன்மேல் உட்காருவார்களாம். அதை அக்காவின் புடவைமேல் அவரே கட்டிவிட்டார். எழுந்தால் பின்னால் ஒரு பெரிய தோசைக்கல் போலத் தொங்கியது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் இரண்டு பைகளோடு வாசலில் நின்றேன்.

இரண்டாவது நாள் வயலுக்குப் போனோம். காற்றில் வேலி ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. அந்த வேலிகளைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். சிமெண்டு இல்லை, மண் இல்லை, கல்லோடு கல் பொருந்தியே நிற்கும். இளம்பெண்ணிடம் அதைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்க மனதுக்குள் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அதற்குள் கல்லைத் தூக்கிவிட்டார்.

"ஓட்டையா கீது, கனமே இல்ல" என்று என்னிடம் காட்டினார். அவர்கள் ஊரிலும் சரிவு நிலத்துக்குக் கல் அடுக்குவது உண்டு. சந்து தெரியாமல் அழகாக அடுக்கினார். வீட்டம்மா வந்து பார்த்து, தலையாட்டி, இரண்டு கற்களை உருவி எடுத்தார். அந்த ஓட்டையில் வாயை வைத்து உஃப் என்று ஊதினார். மறுபக்கம் அக்காவின் முகத்தில் காற்று பட்டது.

"காத்து போறதுக்கு வழி வுடணுமாம் மேடம். இல்லாட்டி தள்ளிடும்ங்கறாங்க" என்று அவர் எனக்கு மொழிபெயர்த்தார்.

எனக்கு. மொழிபெயர்க்கப் போனவளுக்கு.

அப்புறம் ஒவ்வொரு நாளும் இதே கதைதான். பழைய எரிமலை வாய் ஒன்றின் மேல் ஏறினோம். உச்சியிலிருந்து பார்த்தால் உள்ளே பச்சைப் புல் விரித்த பெரிய கிண்ணம், தூரத்தில் கடல். நான் கண்கலங்கி வீடியோ எடுத்தேன். அவர் எட்டிப் பார்த்து, "உள்ள ரெண்டு காணி சாமை வெதைக்கலாம் போலக்கீதே" என்றார். இளம்பெண் அதை என்னிடம் வற்புறுத்திக் கேட்டு வாங்கி வீட்டம்மாவிடம் சொல்ல, அவர் அக்காவின் தோளில் தட்டிச் சிரித்தார். அந்தச் சரிவில் பெரணி என்ற காட்டுச் செடியின் இளந்தண்டுகளை ஒடித்துச் சேகரிப்பது தீவுப் பெண்களின் வழக்கம். வெந்நீரில் போட்டு, காயவைத்து, வருஷம் முழுக்கச் சமைப்பார்களாம். அக்கா மடி நிறைய ஒடித்துவிட்டார்.

கடற்கரையில், காற்றுக் குழாய் இல்லாமல் மூச்சை அடக்கி ஆழத்தில் முங்குகிற பெண்களைப் பார்க்கப் போனோம். எத்தனை சீரியலில் பார்த்திருப்பேன் அவர்களை. சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்தோம். முங்கி எழுந்த ஒரு வயதான பெண் வலைப்பையைப் பாறைமேல் இழுக்கத் திணறினார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய், பையின் மறுமுனையைப் பிடித்தார். யாரோ அதட்டினார்கள். அந்த முதிய பெண் கையைக் காட்டி அதட்டியவரை அடக்கிவிட்டு, ஒரு சிப்பியைப் பிளந்து அக்காவின் வாயில் ஊட்டினார்.

என் போனில் அந்தத் தீவின் படங்கள் நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் அக்காவின் முதுகு.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ அவர் மேடத்தை விட்டுவிட்டார். பூண்டுக் குவியலுக்கு முன்னாலிருந்து, "ஏம்மா, இன்னாத்துக்கு அங்கியே நிக்கற? நீயும் வாயேன், ஒரு கை புடி" என்றார். பக்கத்தில் எனக்கென்று ஒரு ஸ்பாஞ்சுத் திண்டுகூட எடுத்து வைத்திருந்தார்கள்.

"போட்டோ எடுக்கணும்க்கா" என்றேன்.

வீம்பு. போய் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது ஆளாக, அவரைவிட மெதுவாக நறுக்குகிறவளாக இருக்க வேண்டும். என் தீவில் நான் அப்படி இருக்க விரும்பவில்லை.

கிளம்புகிற நாள் காலை. வாசலில் கார் நின்றது. வீட்டம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினார். பேசப் பேசக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளம்பெண் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

"இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். அக்டோபரில் தினை அறுப்பேன். அப்போது நீ வர வேண்டும். ஒரு மாதம் என்னோடு இரு. விருந்தாளியாக வேண்டாம், தங்கச்சியாக வா. வருகிற செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும், கேட்டுவிட்டேன். அறையை உனக்காக அப்படியே வைத்திருப்பேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்றாங்க?"

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. அக்டோபரில் என்னைக் கூப்பிட யாரும் இல்லை என்பது மட்டும் அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்தது.

"நல்லபடியா ஊர் போய்ச் சேருங்கன்னு சொல்றாங்க" என்றேன்.

"அம்மாம் நேரம் பேசினாங்களே. அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

இளம்பெண் பதிலுக்குக் காத்திருந்தார். "அந்த மாதத்தில் அவர் வயலிலும் அறுவடை. வர முடியாது, மன்னிக்கச் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது வீட்டம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மெதுவாகக் கையை விட்டார். உள்ளே போய், இடுப்பில் கட்டுகிற அந்தத் திண்டை எடுத்துவந்து அக்காவிடம் கொடுத்தார்.

திரும்புகிற விமானத்தில் அக்கா தட்டுகளை அடுக்க எழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெகுநேரம் கழித்துக் கேட்டார்.

"நாங்க மலையில ஒருத்தர வழியனுப்பினா, மறுக்கா வான்னு ஒரு வார்த்தை சொல்லுவோம். வராட்டியும் சொல்லுவோம். அந்தம்மா சொல்லவே இல்லியே. நான் எதுனா தப்பா செஞ்சிட்டனாம்மா? அவங்க பொருள்ல எல்லாம் கைய வெச்சிட்டேன்னு நெனச்சிட்டாங்களோ?"

"அவங்க பழக்கம் வேறக்கா" என்றேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அலுவலகத்துக்கு வந்தால் முன்பு நேராக ஊசியை எடுக்கிறவர், இப்போது மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, "தைக்கட்டுமா?" என்று கேட்டார். டீ போடப் போகும்போது, "போடலாமா மேடம்? தப்பில்லியே?" என்றார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமியாரின் முறத்துக்குக் கையை நீட்டி, நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"இன்னா, கோவமா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்லம்மா. கேக்காம தொடக்கூடாதில்ல."

அப்போதும் நான் சொல்லவில்லை.

ஆடி மாதம் ஜேஜுவிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கவர் வந்தது. வீட்டம்மா சொல்லச் சொல்ல இளம்பெண் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். 'அறுவடை இருப்பதால் வர முடியாது என்று நீ சொன்னாய். எனக்கு வருத்தம்தான். இந்த வருஷம் நான் விதைப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். உன் வேலை முடிந்த பிறகு வரலாம் இல்லையா? சரிந்த வேலியில் நீ அடுக்கிய பகுதி மட்டும் புயலுக்கு நின்றது.' கூடவே ஒரு படம். வேலியின் அந்தப் பகுதிக்குப் பக்கத்தில் வீட்டம்மா நின்றிருந்தார்.

பன்னிரண்டு நாள் அந்தக் கடிதம் என் கைப்பையில் இருந்தது. தினமும் கணியம்பாடிக்கும் ஒடுகத்தூருக்கும் போய்வந்தது. ஒரு மத்தியானம் அக்கா அலுவலகத்துக்குள் வந்தார். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லாததுபோல இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அதையும் கேட்பதை நிறுத்தியிருந்தார். அதைத் தாங்க முடியாமல்தான் கடிதத்தை எடுத்தேன்.

வரி வரியாகத் தமிழில் சொன்னேன். 'நீ சொன்னாய்' என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் எப்போம்மா சொன்னேன், வர முடியாதுன்னு?"

"நீங்க சொல்லலக்கா. நான் சொன்னேன். அன்னிக்கு அவங்க உங்கள வரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. தங்கச்சியா வந்து ஒரு மாசம் இருன்னாங்க. நான்தான் மறைச்சிட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"வயித்தெரிச்சல்."

அவருக்குப் புரியவில்லை. "யாரு மேல?"

"உங்க மேலதான்க்கா."

"எம்மேலயா?" என்று தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். தேய்ந்த புடவை, மண் படிந்த கால். "எங்கிட்ட இன்னா கீதுன்னு?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்திலேயே தைக்காத மூட்டை ஒன்று இருந்தது. அவருடைய கைகள் இரண்டும் மடியில் அசையாமல் கிடந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். வெளியே ஜீப்காரர் இரண்டுமுறை ஆரன் அடித்தார்.

"மூணு மாசமா நான் தூங்கல" என்றார். "ஒரு வூட்டுக்குப் போயி அசிங்கப்பட்டுட்டு வந்துட்டோமேன்னு. எங்க வூட்டுக்காரருகிட்டகூட சொல்லல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். "பதில் எழுதுங்க மேடம். வர்றேன்னு எழுதுங்க. நான் இன்னா சொல்றேனோ அத்த மட்டும் எழுதுங்க."

நான் எழுதினேன். அவர் சொன்னதை மட்டும். எழுதியதை இரண்டுமுறை படித்துக்காட்டச் சொன்னார். பிறகு ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய், மலைமேல் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற ஆசிரியை ஒருவரைக் கூட்டிவந்து அவரையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் படித்து முடித்து, "சரியாதான் கீது" என்ற பிறகுதான் அனுப்பவிட்டார்.

கார்த்திகையில் தன் சாமையை அறுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். துணைக்கு யாரும் இல்லை. எந்த விமானத்தில் ஏறுவது, எங்கே இறங்கி மாறுவது என்று அந்த ஆசிரியை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தாராம். அலுவலகத்தில் எல்லாரும் ஜீப் நிற்கிற இடத்துக்கு வழியனுப்பப் போனார்கள். நானும் போய்ப் பின்னால் நின்றேன். "வர்றேங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

அடுத்த வருஷம் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். கணியம்பாடியிலேயே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுக்கிறேன். சீரியல் பார்ப்பதில்லை. என்னை யாரும் போகச் சொல்லவில்லை, அக்காவும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது. மாமியார் மட்டும் இன்னும் கேட்கிறார், அந்த மலைக்காரம்மா எப்போது வருவாங்க என்று.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஒடுகத்தூர் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தபோது, மலைக்குப் போகிற ஜீப்புக்குப் பின்னால் ஒரு கூட்டம். பூப்போட்ட தொளதொள பேண்ட், கழுத்துவரை துணி தொங்குகிற தொப்பி, தோளில் நம்மூர்த் துண்டு. ஜேஜு வீட்டம்மா. பக்கத்தில் அக்கா. ஜீப்பில் ஏற்ற வேண்டிய மூட்டைகள் நான்கைந்து தரையில் இருந்தன. இருவரும் ஆளுக்கொரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே ஜீப்காரரிடம் இடம் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா தமிழில் பேசினார். வீட்டம்மா தன் பேச்சில் பேசினார். ஜீப்காரர் இருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

போயிருக்கக் கூடாது. கால் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, மறக்காமல் இருந்த கொரிய வார்த்தைகளில், வெகுநாள் கழித்து உங்களைப் பார்க்கிறேன், நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

வீட்டம்மா தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். முகம் மலர்ந்தது.

"இன்னாம்மா, நல்லாகீறியா?" என்றார்.

அக்காவின் குரல் அப்படியே. அந்த இழுப்பு, அந்த ஏற்றம், எல்லாம். கூட்டம் சிரித்தது. ஜீப்காரர் கை தட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.

"நல்லாகீறீங்களா மேடம்?" என்றார். "வூட்டுல மாமியாரு நல்லாகீறாங்களா? கேட்டேன்னு சொல்லுங்க."

"உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்கக்கா. ஒருமுறை வாங்க."

"வர்றேன், வர்றேன்."

ஜீப்காரர் ஏற்றச் சொல்லி அவசரப்படுத்தினார். காலடியில் கிடந்த மூட்டையின் ஒரு முனையை நான் குனிந்து பிடித்தேன்.

அக்கா என் கையை மெல்ல விலக்கினார். கோபம் எதுவும் இல்லை. விருந்தாளியிடம் பேசுகிற குரல்.

"வுடுங்க மேடம். பட்டுப்பொடவை, அழுக்காயிடும்."

வீட்டம்மா வந்து அந்த முனையைப் பிடித்தார். ஒரே தூக்கில் மூட்டை ஜீப்புக்குள் போனது. அடுத்ததற்கு இருவரும் குனிந்தார்கள். நான் தாம்பூலப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, கடைசி மூட்டை ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.